பேய்க்கு எதுக்கு பிளாஷ்பேக்?

2009ல் ஈரம் என்ற பேய்ப்படம் வந்தபோது தண்டையார்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஏழு குடித்தனத்துக்கும் சேர்த்து வாசலில் ஒரே அடிபம்பு. தண்ணி ராத்திரி ரெண்டரை மணிக்கு மேல்தான் ஏறும், அதுவும் அடித்து அடித்துக் கை ஓய்ந்தபிறகுதான் ஒரு குடம் நிறையும், அதனால் அம்மாவும் நானும் முறை வைத்துக்கொண்டு எழுந்து போவோம். படம் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு என் முறை. நாலாவது குடத்தைத் தூக்கிவந்து மூலையில் இருந்த நீல ட்ரம்மில் ஊற்றிவிட்டுத் திரும்பினால், சிமெண்ட் தரையில் தண்ணி ஒரு கோடாக ஓடிக் கதவுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. குடத்திலிருந்து நான் சிந்தியதுதான். அது எனக்கே தெரியும். இருந்தும் அந்தக் கோட்டைத் தாண்டிக் காலை வைக்க முடியவில்லை. அம்மாவை எழுப்பினேன். "இன்னாடா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, மீதிய நீ அடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.

இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேய்ப்படம் பார்த்துவிட்டேன், தமிழ், மலையாளம், இங்கிலீஷ், கொரியன் என்று எதையும் விட்டுவைத்ததில்லை, ஆனால் ஒரு படம் தியேட்டரோடு நிற்காமல் என் வீட்டுக்குள் வந்து, என் கையில் இருக்கும் குடத்தில் ஏறி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அறிவழகனுக்கு அது முதல் படம், தயாரித்தது ஷங்கர். பங்களா இல்லை, பூனை இல்லை, வெள்ளைப் புடவை இல்லை. ஒரு அபார்ட்மெண்டில் ஒரு பெண் குளியல் தொட்டியில் செத்துக் கிடக்கிறாள், அதற்கப்புறம் எங்கெல்லாம் தண்ணி இருக்கிறதோ அங்கெல்லாம் அவள் இருக்கிறாள், அவ்வளவுதான். மனோஜ் பரமஹம்சாவின் கேமராவில் படம் முழுக்க மழை விட்ட சாயங்காலம் மாதிரி ஒரு வெளிச்சம், தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போதே சட்டை நமத்துப்போன மாதிரி இருந்தது. தண்ணிக்காக ராத்திரி முழுக்கக் காத்துக்கிடக்கிற ஜனத்திடம் போய், அந்தத் தண்ணியில்தான் பேய் வருது என்று சொன்னால் எப்படி இருக்கும்? எங்கள் ஏரியாவுக்கென்றே எடுத்த படம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆனால் அதே படத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் பாதியில் அவள் எப்படிச் செத்தாள், யார் யார் காரணம் என்று தெரியவருகிறது. காதல் கதை நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் தெரிந்த நிமிஷத்தோடு என் பயம் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் தண்ணி வந்தால் 'கொல்லு, நல்லா கொல்லு' என்றுதான் மனசு சொன்னது. அப்போது அதை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை, பல படம் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. செத்தவளுக்கு அநியாயம் நடந்தது, அவள் செய்தவர்களைத் தேடி வருகிறாள் என்றால் அது நியாயமான பேய். நான் யாரையும் கொல்லவில்லை, யார் சொத்தையும் பிடுங்கவில்லை, அது என்னை ஏன் தொடப்போகிறது? போலீஸ் பிடிக்காத ஆளை அது பிடிக்கிறது, நான் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.

தமிழ்ப் பேய்ப்படத்தின் பெரிய வியாதி இந்த பிளாஷ்பேக்தான் என்பது என் கருத்து. இடைவேளை வரைக்கும் பூட்டின அறை, காமெடி நடிகர்கள் ஓட்டம், இடைவேளைக்கு அப்புறம் ஒரு நல்ல மனுஷன் அல்லது மனுஷி, அவர்களுக்கு நடந்த கொடுமை, கடைசியில் கோயில், உடுக்கை, அம்மன் பாட்டு. 2011ல் காஞ்சனா வந்தபோது இதே அமைப்புதான், ஆனால் அந்தப் படத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. சரத்குமார் திருநங்கையாக நடித்து, தான் எடுத்து வளர்த்த பெண்ணை டாக்டருக்குப் படிக்கவைத்து, ஆஸ்பத்திரி கட்ட வாங்கிவைத்த நிலத்தைப் பிடுங்குகிறவன் கையால் சாகிற அந்தப் பகுதி ஓடும்போது, அதுவரை கோவை சரளாவைப் பார்த்துக் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் அப்படியே அடங்கிப்போனதை நான் பார்த்தேன். பக்கத்து சீட்டில் என் ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்தது. அங்கே பிளாஷ்பேக்தான் படம், பயம் ஒரு சாக்கு. சரி, அது வேற வகை. பிரச்சினை என்னவென்றால், அது ஓடியதைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம். அரண்மனை முதல் பாகம் 2014ல் வந்தது, 2024ல் நாலாம் பாகமும் வந்து நன்றாக ஓடியும்விட்டது, குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வர ஜனத்துக்கு அது வேண்டியிருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதைப் பேய்ப்படம் என்று கூப்பிடும்போது மட்டும் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பயம் என்பது அவ்வளவு மலிவான சரக்கு இல்லை.

பயம் என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆயாதான். ராயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து பிரியாணியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ராத்திரி கிளம்பினால், மூடியைத் திறந்து ஒரு கரித்துண்டை உள்ளே வைத்துத்தான் திரும்ப மூடும். கரி இல்லையென்றால் ஒரு இரும்பு ஆணி. சோற்றுக்குமேல் கறுப்பாக அந்தத் துண்டு கிடக்கிறதைப் பார்த்துக்கொண்டே நான் கேட்பேன், "ஏன் ஆயா?" ஆயா பதில் சொன்னதே இல்லை. "அதெல்லாம் கேக்காத, கம்னு தூக்கினு வா" என்றுதான் சொல்லும். இன்னொன்று, ராத்திரியில் வெளியே இருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. "மூணு தபா கூப்ட்டாதான் மன்சன். ஒரு தபா கூப்ட்டு நிறுத்திச்சின்னா போவாத." ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்துகிறது எது, அதற்கு என் பேர் எப்படித் தெரியும், திறந்தால் என்ன ஆகும், ஒன்றுக்கும் விளக்கம் கிடையாது. சட்டம் மட்டும் உண்டு. காரணம் சொல்லாத அந்தச் சட்டம்தான் கல்மண்டபத்திலிருந்து வீடு வரைக்கும் தூக்குவாளியோடு என்னை ஆயாவின் புடவையை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்கவைத்தது.

வெளிநாட்டுப் படங்களில் எனக்குப் பிடித்ததெல்லாம் யோசித்துப் பார்த்தால் ஆயா ஜாதிதான். இட் ஃபாலோஸ் என்று 2014ல் ஒரு படம். ஏதோ ஒன்று உன்னை நோக்கி நடந்து வரும். ஓடாது, நடக்கும். தெரிந்தவர், தெரியாதவர், கிழவி, குழந்தை, எந்த உருவத்திலும் வரும், நீ எவ்வளவு தூரம் போனாலும் நடந்தே வந்து சேரும். அது எது, எங்கிருந்து வந்தது என்று படம் முடிகிறவரைக்கும் சொல்லவே இல்லை. நான் அதைப் பார்த்த வாரம் தீபாவளித் துணி எடுக்க எம்.சி. ரோடுக்குப் போனோம். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் கடையைப் பார்த்து, விலையைப் பார்த்து, பையைப் பார்த்து நடக்கிறார்கள், ஒரே ஒரு பெரியவர் மட்டும் எதையும் பார்க்காமல் என்னையே பார்த்து நேராக வந்தார். என் பின்னாடி இருந்த பேரனைக் கூப்பிட வந்திருக்கிறார், பாவம். அவர் என்னைக் கடந்து போகிறவரைக்கும் நான் மூச்சே விடவில்லை. எ கொயட் பிளேஸ் (2018) கூட இதே மாதிரிதான், சத்தம் போட்டால் செத்தாய், அந்த ஒரே ஒரு சட்டம். முழு தியேட்டரும் பாப்கார்ன் மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

'பேய் இருக்குன்னு தெரிஞ்சும் ஏண்டா அந்த வீட்டைக் காலி பண்ணாம இருக்கீங்க?' என்று பேய்ப்படம் பார்க்கும்போது எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த டைரக்டர்தான் என்னைப் பொறுத்தவரை நல்ல டைரக்டர். ஈரம் வந்த அதே 2009ல் யாவரும் நலம் வந்தது, விக்ரம் கே. குமார் படம், பி.சி. ஸ்ரீராம் கேமரா. கூட்டுக்குடும்பமாகச் சேர்ந்து புதுசாக ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிவருகிறார்கள். மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் வேலை செய்யாது. பால் தினமும் திரிந்துபோகும். வீட்டுக்குள் செல்போனில் அவரை போட்டோ எடுத்தால் முகம் கோணிக்கொள்ளும், வாசலுக்கு வெளியே வந்து எடுத்தால் சரியாக இருக்கும். டிவியில் ஓடுகிற சீரியலில் அவர்கள் வீட்டில் நடப்பதே நடக்கும். பால் திரிகிறதெல்லாம் ஒரு பயமா என்றால், ஆமாம், அதுதான் பயம். ஏனென்றால் பால் திரிந்துபோச்சு என்று வாங்கின ஃபிளாட்டை விட்டுவிட்டு யாரும் கிளம்ப மாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அங்கேயே இருப்பார்கள்.

நாங்கள் இருந்திருக்கிறோம். 2016ல் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, அட்வான்ஸ் பணத்தில் பாதியைத்தான் வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்தார், அந்தப் பாதிக்குள் கொருக்குப்பேட்டையில் ஒரு வீடு கிடைத்தது. மாடி, தனி பாத்ரூம், வாடகை அந்தத் தெருவிலேயே கம்மி. சாமான் இறக்கும்போது எதிர்வீட்டு அக்கா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த வீட்டில் ஒருத்தர் செத்துப்போனதைச் சொன்னார். எப்படிச் செத்தார் என்பதையும் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் படியிலேயே நின்றாள். அப்புறம், "சாவு உழாத வூடு எங்கடா இருக்குது, ட்ரம்மத் தூக்கு" என்றாள். அந்த அறையில் ஃபேன் மாட்டின கொக்கி ஒன்று, அதிலிருந்து ரெண்டு முழம் தள்ளி இன்னொரு கொக்கி. இரண்டாவதில் எதுவும் தொங்கவில்லை, சீலிங்கோடு சேர்த்து அதற்கும் வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள், பெயிண்ட் வழிந்து நுனியில் ஒரு சொட்டாக உறைந்து நின்றது. மூன்று வருஷம் அதற்குக் கீழேதான் பாய் போட்டுப் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, ஒரு நாளும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாளும் மல்லாந்து படுத்ததில்லை.

ஒரு பேய்ப்படம் எனக்கு அந்தக் கொக்கியைத் தரவேண்டும். அலறலும் கோரைப்பல்லும் வேண்டவே வேண்டாம்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இப்போது வருகிற பாதி படங்களில் பயம் என்றால் சவுண்ட் என்று ஆகிவிட்டது. எல்லாச் சத்தத்தையும் குறைத்து மூன்று செகண்ட் அமைதி, ஹீரோயின் திரும்புகிறாள், டமார். பார்த்தால் தோளில் கை வைத்தது அவள் தோழி. அது உடம்பு தூக்கிப்போடுகிற விஷயம், பின்னாலிருந்து பட்டாசு கொளுத்திப் போட்டாலும்தான் தூக்கிப்போடும். ராத்திரி ஒரு மணிக்கு இயர்போன் மாட்டிப் பார்க்கிறவன் காதுக்கு அது செய்கிற துரோகம் என்றே சொல்வேன். ஆனால் அதையே ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஜேம்ஸ் வானின் தி கான்ஜுரிங் (2013) இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டல் கேட்டுத் தேடுகிற ஒரு விளையாட்டை முதலிலேயே பிள்ளைகள் விளையாடிக் காட்டிவிடுகிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டு பார்க்கிறோம். பிறகு இருட்டில் அந்த அம்மா தீக்குச்சியைக் கொளுத்தி நிற்கும்போது, முகத்துக்குப் பக்கத்தில் ரெண்டு கை வந்து ரெண்டே தட்டு. சத்தம் பெரிசே இல்லை. எங்கள் பக்கத்துத் தியேட்டரில் அந்த இடத்துக்கு முன்னால் "யக்கா திரும்பாதக்கா!" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தன் உண்மையாகவே கெஞ்சினான், யாரும் சிரிக்கவில்லை.

சாவு எங்கள் ஊரில் ஒளித்துவைக்கிற விஷயம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கும் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பறை முன்னால் போக, பூவை இறைத்துக்கொண்டு, பசங்கள் ஆடிக்கொண்டு, தெரு அடைத்துக்கொண்டு ஊர்வலம் மூலக்கொத்தளத்துக்குப் போகும். முந்தின ராத்திரி முழுக்க கானா இருக்கும், செத்தவர் பேரைப் போட்டே பாடுவார்கள். சின்ன வயசிலிருந்து பார்ப்பதால் பிணத்தைக் காட்டி எங்களைப் பயமுறுத்த முடியாது. பயம் அதெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கிறது. விடியற்காலையில், தெரு தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒரு வீட்டிலிருந்து ஒரு பொம்பளையின் முதல் கத்தல் வரும் பாருங்கள், அது. அதில் வார்த்தை இருக்காது. யார் வீடு என்று தெரிகிறவரைக்கும் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்து உட்கார்ந்துகொண்டு தங்கள் ஆட்களை எண்ணுவார்கள்.

ஆரி ஆஸ்டரின் ஹெரெடிட்டரி (2018) அந்தக் கத்தலைப் படமெடுத்திருக்கிறது. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். தங்கையைக் காரில் கூட்டிப்போன அண்ணன், வழியில் நடந்த கோரத்தில் அவள் செத்துப்போக, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓட்டிவந்து, யாரிடமும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள்கிறான். விடிகிறது. கேமரா அவன் முகத்திலேயே நிற்கிறது. வெளியே அம்மா கார் பக்கம் போகிற சத்தம், அப்புறம் அந்தக் கத்தல். அம்மாவைக் காட்டவே இல்லை. டோனி கோலெட் குரல் மட்டும். அந்த இடத்தில் பேய் இல்லை, பிசாசு இல்லை, நான் போனை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அம்மா தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். மீதியை மறுநாள்தான் பார்த்தேன். அந்தத் தங்கைக்கு நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டொக்' என்று ஒரு சத்தம் போடுகிற பழக்கம், அவள் போனபிறகும் வீட்டில் அது கேட்கும். எங்கள் வீட்டு டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லி இருக்கிறது. அது சொல்லும்போதெல்லாம் அம்மா விரலை மடக்கித் தரையில் மூன்று தட்டு தட்டுவாள், நல்ல சகுனம் என்று. படம் பார்த்து ஒரு மாசத்துக்கு அந்தப் பல்லியும் அம்மாவின் தட்டும் சேர்ந்து என்னைத் தூங்கவிடவில்லை. கடைசி அரை மணி நேரத்தில் நரகத்து ராஜா, அவனைக் கும்பிடுகிற கூட்டம் என்று அந்தப் படமும் விளக்கத்தில் இறங்குகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லைதான்.

மலையாளத்தில் ராகுல் சதாசிவன் இதைப் புரிந்துவைத்திருக்கிறார். பூதகாலம் (2022) படத்தில் ஒரு வீடு, பாட்டி செத்துப்போகிறார், மனசு உடைந்த அம்மா, வேலை கிடைக்காமல் குடிக்கிற பையன். ரேவதியும் ஷேன் நிகமும். ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பாததுதான் அங்கே பேயைவிடப் பெரிய பயம், அவன் ராத்திரியில் எதையோ பார்த்தேன் என்றால் குடித்திருக்கிறான் என்கிறார்கள், முடிந்தது. பிரமயுகம் (2024) இன்னொரு தினுசு. கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய மனை, அதில் மம்முட்டி. உயிருக்குத் தப்பி ஓடிவருகிற ஒரு பாணன், பாட்டுப் பாடிப் பிழைக்கிற கீழ்ச்சாதிக்காரன், ஒரு வேளை சோற்றுக்காக உள்ளே நுழைகிறான், அவ்வளவுதான், அப்புறம் அவனால் வெளியே வரமுடியாது. பெரிய மனுஷன் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்கிற அந்தத் திண்ணையைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தச் சிரிப்பு எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு.

தமிழில் ஆளே இல்லை என்று சொல்லவரவில்லை. பீட்சா (2012) படத்தில் கையில் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு விஜய் சேதுபதி அந்த பங்களாவுக்குள் தனியாக அலைகிற பகுதியை இன்றைக்குப் போட்டாலும் லைட்டை அணைத்துவிட்டுப் பார்ப்பேன், பின்னால் வருகிற திருப்பத்தை வைத்து அதை மட்டம் தட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அஷ்வின் சரவணனின் மாயாவும் (2015) அப்படித்தான், கறுப்பு வெள்ளையில் வருகிற மாயவனம் பகுதி மட்டும் போதும். ஆள் இருக்கிறார்கள். கதை எங்கே நடக்கவேண்டும் என்பதில்தான் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள்.

வடசென்னை என்றாலே சினிமாவுக்குக் கத்தி, கபடி, காசிமேடு ஹார்பர், ஜெயில். இத்தனை வருஷமும் எங்களைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிற மாதிரிதான் எடுத்தார்கள். நாங்கள் எதற்குப் பயப்படுவோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அஞ்சு பேர் படுத்திருக்கிறார்கள், ஒருத்தர் புரண்டால் இன்னொருத்தர் மேல் கை படும். இருட்டில் உன்மேல் பட்ட கை யாருடையது என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடுதலாக வரட்டும். வேறு எங்கேயும் போகமுடியாது, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ராத்திரி ரெண்டரை மணிக்கு வாசலில் அடிபம்பு அடிக்கிற சத்தம் கேட்கட்டும், ஏழு வீட்டிலும் எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியட்டும், குடம் நிறைகிற சத்தம் கேட்கட்டும், அப்புறம் யாரோ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தட்டும். அடித்தது யார் என்று மட்டும் கடைசிவரைக்கும் சொல்லாமல் விடுகிற தைரியம் உள்ள ஒரு டைரக்டர் வந்தால், முதல் நாள் முதல் ஷோவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன்.